கல்லூரியின் தரவரிசையும் முதுநிலை மருத்துவ இடமும்

இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். இடங்கள் ஒதுக்கப்படும்போது எம்.பி.பி.எஸ். படித்த கல்லூரியின் பெயருக்குத் தனி மதிப்பெண் கிடையாது. நீட் பிஜி தேர்வில் பெற்ற ரேங்க், இடஒதுக்கீட்டுப் பிரிவு, கவுன்சலிங்கில் பதிவு செய்த விருப்ப வரிசை ஆகிய மூன்றையும் வைத்துக் கணினியே இடத்தை ஒதுக்குகிறது. நேர்காணல் இல்லை, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் வேலை இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவரும் சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு மாவட்டக் கல்லூரியில் படித்தவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். ஆனாலும் கல்லூரிக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பங்கு எங்கே நுழைகிறது, எங்கே நுழைவதில்லை என்பதை இந்த அத்தியாயம் வரிசையாக விளக்குகிறது.

தேர்வும் பட்டியலும்

2013ஆம் ஆண்டுச் சேர்க்கைக்காக நீட் பிஜி முதன்முதலில் நடத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2016 வரை மாநில அரசின் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 2017 முதல் நீட் பிஜியே ஒரே வழி. 200 கேள்விகள், 800 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் உண்டு, தவறான விடைக்கு 1 குறையும். எம்.பி.பி.எஸ். காலத்தின் 19 பாடங்களும் தேர்வில் வருகின்றன. அண்மை ஆண்டுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதுகிறார்கள்.

எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பிஜிஐ, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள் இந்தத் தேர்வுக்குள் வருவதில்லை. அவற்றுக்கு ஐஎன்ஐ-சிஇடி என்ற தனித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் முதுநிலை படிக்க விரும்பும் சென்னை மாணவர் இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்தே தயாராக வேண்டும்.

"தரவரிசை" என்று சொல்லப்படும் மூன்று பட்டியல்கள்

மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரு வீட்டில் "நல்ல ரேங்க் உள்ள காலேஜ்" என்று பேச்சு வந்தால், அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றைக் குறிக்கும். மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் பட்டியல். மருத்துவப் பிரிவு 2018இல் தொடங்கியது. கற்பித்தலும் வளங்களும் 30 விழுக்காடு, ஆராய்ச்சி 30, மாணவர் தேர்ச்சி சார்ந்த விளைவுகள் 20, சமூகப் பரவல் 10, பொது மதிப்பீடு 10 என்று அது கணக்கிடுகிறது. 2024 பட்டியலில் டெல்லி எய்ம்ஸ் முதலிடம், வேலூர் சிஎம்சி மூன்றாமிடம், ஜிப்மர் ஐந்தாமிடம், சென்னை மருத்துவக் கல்லூரி பத்தாமிடம் பெற்றன. அதே பட்டியலின் முதல் ஆறு இடங்களுக்குள் சண்டிகர் பிஜிஐ, நிம்ஹான்ஸ், லக்னோ எஸ்ஜிபிஜிஐ மூன்றும் இருந்தன. இந்த மூன்றிலும் எம்.பி.பி.எஸ். வகுப்பு கிடையாது. எனவே இது எம்.பி.பி.எஸ். கற்பித்தலை அளக்கும் பட்டியல் அன்று. ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் வெளியிடும் நிறுவனம் முன்னே வரும். வார்டில் ஹவுஸ் சர்ஜனுக்கு எவ்வளவு கற்றுத் தருகிறார்கள் என்பது அதில் தெரியாது.

இரண்டாவது, நீட் யுஜி கட் ஆஃப் வரிசை. தமிழ்நாட்டு மாநிலக் கவுன்சலிங்கில் முன்வரிசை மாணவர்கள் முதலில் எடுப்பது எம்எம்சி எனப்படும் சென்னை மருத்துவக் கல்லூரி. அதற்கு அடுத்து ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று போகும். 1835இல் தொடங்கிய எம்எம்சி, 1938இல் தொடங்கிய ஸ்டான்லி, 1960இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம், 2015இல் தொடங்கிய ஓமந்தூரார் என்று வயதும் கட் ஆஃபும் ஏறத்தாழ ஒரே வரிசையில் இருக்கின்றன. உள்ளே வருபவரின் மதிப்பெண்ணைத்தான் இந்த வரிசை காட்டுகிறது.

மூன்றாவது, ஊர்ப் பேச்சு. உறவினரில் ஒரு டாக்டர் சொன்னது, தனியார் கல்லூரியின் விளம்பரம், பயிற்சி மையத்தின் பேனரில் இருக்கும் டாப்பர் புகைப்படம் ஆகியவை சேர்ந்து உருவாகும் வரிசை இது. முடிவெடுக்க இதைப் பயன்படுத்தவே கூடாது. ஒரே டாப்பரின் படம் இரண்டு மூன்று மையங்களின் பேனர்களில் இருப்பது அரிதல்ல.

பெரிய கல்லூரி மாணவர்கள் அதிகம் தேறுவது ஏன்

எம்எம்சி, ஸ்டான்லி மாணவர்களில் நல்ல பிஜி ரேங்க் வாங்குபவர்கள் அதிகம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதற்குக் கல்லூரியே காரணம் என்று எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும். நீட் யுஜியில் மாநில அளவில் முன்வரிசையில் வந்தவர்களே அங்கே சேர்கிறார்கள். கொள்குறி வினாத் தேர்வில் ஒருமுறை முன்னணியில் வந்தவர், ஐந்தரை ஆண்டு கழித்து அதே வகைத் தேர்வில் மறுபடி முன்னணியில் வருவது எதிர்பார்க்கக்கூடியதே. அவர் ஓமந்தூராரில் படித்திருந்தாலும் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்திருக்கக்கூடும்.

இந்தப் பகுதியைக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் கல்லூரியின் உண்மையான பங்கு. அது நான்கு வழிகளில் வருகிறது.

நோயாளிகள் முதல் வழி. தற்போதைய நீட் பிஜி வினாக்களில் நோயாளியின் வரலாறு, எக்ஸ்ரே, ஸ்கேன், தோல் படம் ஆகியவற்றைக் கொடுத்துக் கேட்பவை கணிசமாக உள்ளன. சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை ஆகியவை எம்எம்சி மாணவரின் பயிற்சிக் களங்கள். கீழ்ப்பாக்கம் மாணவருக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும் பயிற்சிக் களம். வார்டில் பார்த்த நோயை வினாத்தாளில் அடையாளம் காண்பது எளிது. நோயாளிகள் குறைவாக வரும் புதிய தனியார் கல்லூரி மாணவர் அதே நோயைச் செயலியின் வீடியோவில்தான் பார்த்திருப்பார்.

விடுதிச் சூழல் இரண்டாவது. மூன்றாம் ஆண்டிலேயே சீனியர்கள் படிக்கும் முறையைப் பார்த்துவிடும் மாணவருக்கு எப்போது தொடங்குவது, எந்தப் பாடத்தை எத்தனை முறை திருப்புவது என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. குழுவாகப் படிப்பவர்களும், மாதிரித் தேர்வை ஒரே நாளில் எழுதி விடைகளை விவாதிப்பவர்களும் பழைய அரசுக் கல்லூரி விடுதிகளில் எளிதாகக் கிடைப்பார்கள். வீட்டிலிருந்து போய்வரும் தி.நகர், அடையாறு மாணவருக்கு இந்தச் சூழல் பாதிதான் கிடைக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கும் பகுதி இருப்பது அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

ஹவுஸ் சர்ஜன் (இன்டர்ன்ஷிப்) ஆண்டு மூன்றாவது. இங்கே பெரிய கல்லூரிக்கு எதிர்மறைப் பக்கமும் உண்டு. கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுப்பதிலிருந்து இரவுப் பணி வரை வேலை அதிகம். படிக்க நேரம் குறைவு. வேலை குறைந்த சில தனியார் கல்லூரிகளில் அந்த ஆண்டு முழுவதையும் தயாரிப்புக்கே செலவிடுபவர்கள் உண்டு. தேர்வுக்கு அது உதவலாம். முதுநிலையில் சேர்ந்த முதல் மாதமே கைப்பழக்கம் இல்லாத குறை தெரிந்துவிடும்.

பயிற்சி முடியும் தேதி நான்காவது. நீட் பிஜி எழுத ஒவ்வோராண்டும் இன்டர்ன்ஷிப் முடிய வேண்டிய கடைசி நாள் ஒன்று அறிவிக்கப்படுகிறது. 2022இல் கோவிட் பணியால் பயிற்சி தள்ளிப்போனவர்கள் நீதிமன்றம் வரை போனபின் அந்த நாள் மே 31இலிருந்து ஜூலை 31க்கு மாற்றப்பட்டது. இறுதியாண்டுத் தேர்வைத் தாமதமாக நடத்தும் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்கு ஓராண்டே கைநழுவக்கூடும். இது என்ஐஆர்எஃப் பட்டியலில் இராது; சேருமுன் விசாரிக்க வேண்டிய செய்தி.

சட்டப்படி கல்லூரி கணக்கில் வரும் இடங்கள்

கல்லூரியின் தரம் கணக்கில் வராவிட்டாலும், கல்லூரி இருக்கும் மாநிலமும் பல்கலைக்கழகமும் சில இடங்களில் கணக்கில் வருகின்றன.

அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, மறுபாதி மாநிலத்துக்கு. மாநிலப் பாதியில் யாருக்கு முன்னுரிமை தரலாம் என்பது நெடுங்கால வழக்கு. பட்ட மேற்படிப்பில் குடியிருப்பை வைத்து இடம் ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2025 ஜனவரி 29 அன்று தன்வி பெல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதே நிறுவனத்தில் அல்லது பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு ஓரளவு முன்னுரிமை தருவதை அது அனுமதித்தது. ஆகவே "எங்கே பிறந்தார்" என்பதைவிட "எங்கே எம்.பி.பி.எஸ். படித்தார்" என்பதன் எடை கூடியிருக்கிறது. வெளிமாநிலத்தில் எம்.பி.பி.எஸ். படிக்க நினைக்கும் சென்னை மாணவர், அந்தந்த ஆண்டின் தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டுத் தகுதி விதிகளைத் தகவல் தொகுப்பேட்டில் வரிக்கு வரி படிக்க வேண்டும்.

டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகள், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் முதுநிலை இடங்களில் பாதி அங்கே எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கே. டெல்லி மௌலானா ஆசாத் கல்லூரியில் படித்த தமிழ் மாணவருக்கு இந்தச் சலுகை நேரடியாகக் கிடைக்கும். கல்லூரித் தேர்வு பிஜி வாய்ப்பைச் சட்டப்படியே மாற்றும் தெளிவான எடுத்துக்காட்டு இது.

இடஒதுக்கீடும் அரசுப் பணியும்

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். அரசுக் கல்லூரிகளில் ஒரு பிரிவில் 100 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், 50 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். எஞ்சிய 50இல் பாதி, அதாவது 25, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு. முதுநிலைப் பட்டப் படிப்பில் மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம். மற்ற 25 இடங்களில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி சுமார் 17 போக, பொதுப் போட்டிக்கு 8 இடங்களே எஞ்சும்.

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஏறத்தாழ ஒரே ரேங்க் கொண்ட இருவரில் ஒருவருக்குப் பொது மருத்துவம் கிடைப்பதும் மற்றவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதும் இதனால்தான். இந்த வேறுபாட்டை எந்தக் கல்லூரியின் தரவரிசையும் ஈடுகட்டாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேர்ந்து குறைந்தபட்சப் பணிக்காலம் முடித்தவருக்குச் சர்வீஸ் பிரிவு எனப்படும் அந்த அரசுப் பணியாளர் ஒதுக்கீடு திறக்கிறது. அந்தப் பணிக்கு ஆளெடுப்பது, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்கும், 2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்.

சான்றிதழ் விஷயத்திலும் கவனம் தேவை. மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு வருமான வரம்பு இல்லை. அகில இந்திய ஒதுக்கீட்டின் 27 விழுக்காடு ஓபிசி பிரிவுக்கு வருமான வரம்பு உண்டு. முதல் பட்டியலில் சலுகை பெறுபவர் இரண்டாவதில் பொதுப் பிரிவில் நிற்க நேரலாம். அகில இந்திய ஒதுக்கீட்டில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு உண்டு. தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டில் அந்தப் பிரிவு இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு மட்டுமே, முதுநிலைக்குப் பொருந்தாது.

நிகர்நிலைக் கல்லூரிகளும் டிஎன்பியும்

போரூர், கேளம்பாக்கம், தண்டலம் பகுதிகளில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தென் சென்னைக் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்தவை. அங்கே எம்.பி.பி.எஸ். படித்தவர் அங்கேயே எம்.டி. சேர்வது எளிது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவற்றின் முதுநிலை இடங்கள் மத்தியக் கவுன்சலிங் குழு வழியாக, நாடு முழுவதற்குமான பட்டியலிலிருந்தே நிரப்பப்படுகின்றன. அங்கே முடிவைத் தீர்மானிப்பது ரேங்கும் கட்டணம் கட்டும் சக்தியும்தான்.

கட்டணத்தை எம்.பி.பி.எஸ். கட்டத்திலேயே கணக்கிட வேண்டும். அரசுக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். பல நிகர்நிலைக் கல்லூரிகளில் அது ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. மொத்தம் ஒரு கோடியை நெருங்கும் செலவுக்குப் பின், ரேங்க் போதாமல் இன்னோர் ஆண்டு வீட்டிலிருந்து படிக்கவோ முதுநிலையில் மறுபடி லட்சங்களில் கட்டவோ குடும்பத்தால் முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. சற்றுக் கீழே மதிப்பிடப்படும் மாவட்ட அரசுக் கல்லூரியில் சேர்ந்து, மிஞ்சும் பணத்தையும் மனநிம்மதியையும் பிஜி தயாரிப்புக்கு வைத்துக்கொள்வது பலருக்கும் நல்ல வழி.

தேசியத் தேர்வு வாரியத்தின் டிஎன்பி என்ற முதுநிலைப் படிப்பு இன்னொரு வழி. கல்லூரி இல்லாத மருத்துவமனைகளும் இதை நடத்துகின்றன. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயா, கிரீம்ஸ் சாலை அப்போலோ, ஆழ்வார்பேட்டை காவேரி, தரமணி விஎச்எஸ் ஆகியவை சென்னை மாணவர் அறிந்த பெயர்கள். இடம் நீட் பிஜி ரேங்கின்படியே, எம்.பி.பி.எஸ். கல்லூரி கேட்கப்படுவதில்லை. தேசிய மருத்துவ ஆணையம் டிஎன்பியை எம்.டி., எம்.எஸ்.ஸுக்கு இணையாக ஏற்கிறது. ஆண்டுதோறும் எந்தப் பிரிவுகளுக்கு அங்கீகாரம் உள்ளது என்பதை வாரியத்தின் பட்டியலில் சரிபார்க்க வேண்டும்.

முதுநிலைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

எம்.பி.பி.எஸ். கல்லூரியின் பெயரைவிட முதுநிலை படிக்கும் இடத்தின் தரம் வாழ்க்கைத் தொழிலில் அதிகம் பேசும். விருப்ப வரிசை நிரப்பும்போது பிரிவா, கல்லூரியா என்ற கேள்வி வரும். கதிரியக்கவியல், பொது மருத்துவம், தோல் மருத்துவம் ஆகியவை முதலில் நிரம்புகின்றன. உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற நோயாளித் தொடர்பற்ற பிரிவுகள் கடைசி வரை மீதம் இருக்கும். ரேங்க் நடுத்தரமாக இருப்பவருக்குப் பெரிய கல்லூரியில் விரும்பாத பிரிவு, சிறிய கல்லூரியில் விரும்பிய பிரிவு என்ற இரண்டும் முன்னே வரும். பிரிவு நாற்பதாண்டு கூட வரும், கல்லூரி மூன்றாண்டு. அறுவைப் பிரிவுகளில் மட்டும் கல்லூரியின் நோயாளி எண்ணிக்கையைத் தனியாக எடைபோட வேண்டும்: அறுவை செய்து பழகும் வாய்ப்பு இல்லாத இடத்தில் பெற்ற எம்.எஸ். பட்டம் கைக்குத் திறமை தராது.

அரசு இடம் எடுக்கும், அரசுப் பணியில் இல்லாத (நான்-சர்வீஸ்) மாணவர், படிப்பு முடிந்தபின் அரசுக்குப் பணிபுரியும் பிணைப் பத்திரம் தர வேண்டும். அதன் காலமும் தொகையும் அரசாணைகளால் மாறக்கூடியவை என்பதால் சேரும் ஆண்டின் விதியே செல்லும். கவுன்சலிங்கின் பிந்தைய சுற்றுகளில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் முன்பணம் பறிபோவதுடன் அடுத்த சுற்றுகளுக்கும் தடை வரலாம். எனவே சேர விருப்பமில்லாத இடத்தைப் பட்டியலில் எழுதாமல் விடுவதே நல்லது.

முதுநிலைக்குப் பின்னான டி.எம்., எம்.சி.எச். இடங்களுக்கும் 2017 முதல் நீட் எஸ்எஸ் தேர்வே வழி. அங்கும் முந்தைய கல்லூரிக்கு மதிப்பெண் இல்லை. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் இந்த இடங்களில் பாதியை அரசுப் பணியாளருக்கு ஒதுக்கும் அரசாணை 2020 நவம்பரில் வந்தது. அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்தின் பெயருக்கு எடை கூடுவது இந்தக் கட்டத்தில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அந்த நிலையம் 1984இலேயே புற்றுநோயியல் உயர்சிறப்புப் படிப்புகளைத் தொடங்கியது. அங்கே எம்.பி.பி.எஸ். கிடையாது, ஆயினும் அங்கே பயிற்சி பெற்றவர் என்றால் எந்த மருத்துவமனையும் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை.

வெளிநாடு செல்பவருக்கு

அமெரிக்க ரெசிடென்சியில் கணக்கு மாறுகிறது. அங்கே நேர்காணல், பரிந்துரைக் கடிதம், அமெரிக்க மருத்துவமனை அனுபவம், ஆய்வு, பட்டம் பெற்ற ஆண்டு எல்லாம் பார்க்கப்படுகின்றன. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் முதல் படி 2022 ஜனவரி 26 முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால் இரண்டாம் படியின் மதிப்பெண்ணும் மற்ற அம்சங்களும் முக்கியமாகிவிட்டன. அமெரிக்கரல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் அண்மை ஆண்டுகளில் பத்துக்குச் சுமார் ஆறு பேரே இடம் பெற்றிருக்கிறார்கள். எம்எம்சி, ஸ்டான்லி, சிஎம்சி போன்ற கல்லூரிகளுக்கு அங்கே இருக்கும் பழைய மாணவர் வலை, பார்வையாளர் வாய்ப்பையும் பரிந்துரைக் கடிதத்தையும் பெற உதவுகிறது. என்ஐஆர்எஃப் எண்ணை அங்கே யாரும் கேட்பதில்லை.

தரவரிசைகளின் மீதான நம்பிக்கை அந்த நாட்டிலேயே குறைந்துவருகிறது. யு.எஸ். நியூஸ் பட்டியலுக்குத் தகவல் தருவதை 2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி நிறுத்தியது; வேறு முன்னணிப் பள்ளிகளும் அவ்வாறே நிறுத்தின. பிரிட்டன் தன் அடிப்படைப் பயிற்சி இடங்களுக்கு மாணவரைத் தரம்பிரிக்கும் முறையையே 2024 முதல் கைவிட்டது.

சேருமுன் விசாரிக்க வேண்டியவை

எம்.பி.பி.எஸ். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் தரவரிசை எண்ணுக்கு முன்பாகப் பின்வருவனவற்றை இந்த வரிசையில் பார்ப்பது பயன் தரும்.

1. மொத்தக் கட்டணம், அது போக, பிஜிக்கு ஓராண்டு காத்திருக்கும் வசதி எஞ்சுமா என்பது.
2. அந்தக் கல்லூரியில் படித்தால் தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டில் நிற்கும் தகுதி.
3. இணைந்த மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவும் பிரசவ வார்டும். காலை பத்து மணிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தாலே கூட்டம் தெரிந்துவிடும்.
4. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இன்டர்ன்ஷிப் முடிந்த தேதிகள்.
5. அங்கே முதுநிலை வகுப்புகள் உள்ள பிரிவுகள். பிஜி மாணவர் இருக்கும் வார்டில் எம்.பி.பி.எஸ். மாணவருக்குக் கற்றுத்தர ஆள் இருக்கும்.
6. இப்போது ஹவுஸ் சர்ஜனாக உள்ள மாணவர் ஒருவரின் நேரடிக் கருத்து.

இந்த ஆறிலும் இரண்டு கல்லூரிகள் சமமாக இருந்தால் தரவரிசையில் முன்னே இருப்பதை எடுக்கலாம். சமமாக இல்லாவிட்டால், பட்டியலில் பத்து இடம் பின்னால் இருக்கும் கல்லூரியே பிஜி வாய்ப்புக்கு ஏற்றதாக அமையக்கூடும்.